ஒன்பதாம் நம்பர் செருப்பு

நவம்பர் 2, ஞாயிறு

முப்பத்தஞ்சு வருசம் நர்ஸா இருந்தவ நான், தினமும் டூட்டி முடிஞ்சதும் ரிப்போர்ட் எழுதி வச்சுட்டுத்தான் வார்டை விட்டு இறங்கியிருக்கேன். எந்தக் கட்டிலுக்கு என்ன மருந்து, யாருக்குக் காய்ச்சல் ஏறுச்சு, யார் ஊசிக்கு அழுதாங்க, எல்லாம் அதுல இருக்கும். ரிட்டயர் ஆகி மூணு வருசமா எழுத ஒண்ணுமில்லை. இப்ப இருக்கு, அதனால இந்த நோட்டு.

எங்க காலனியில மூணாவது தெருவுல ரெண்டு வீட்ல திருட்டு. அதைக் கேட்டு பியூலா கோயம்புத்தூர்ல இருந்து போன் போட்டா. என் ஒரே மக. அவளுக்குச் செய்தி சொன்னது எதிர்வீட்டுக் கோமுவாத்தான் இருக்கும். கோமு காதுல விழுந்தது போலீஸுக்குப் போகுதோ இல்லையோ, கோயம்புத்தூருக்குப் போயிரும்.

பியூலா எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் பேசுறா. முப்பதாம் தேதி அவளும் மாப்பிள்ளை ரூபனும் காரோட வருவாங்களாம். நான் கிறிஸ்மஸுக்கு அவங்ககூடப் போகணுமாம். அப்புறம் திரும்பி வர வேண்டாமாம், வீட்டை வாடகைக்கு விட்டுரலாமாம். பாளையங்கோட்டையில தனியா ஒரு பொம்பளை இருக்கான்னு தெரிஞ்சா திருடன் சும்மா இருப்பானான்னு கேட்டா. நான் ஆகட்டும்மான்னு சொன்னேன்.

எனக்குப் போக இஷ்டமில்லை. இந்த நோட்டுலயாவது அதை எழுதி வைக்கேன். வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து குவார்ட்டர்ஸ்லதான் குடியிருந்தேன். கதவுல நம்பர், மின்விசிறியில நம்பர், நாற்காலிக்கு அடியில நம்பர். சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா லெட்டர் எழுதணும். ரிட்டயர் ஆனப்புறம்தான் என் பேர்ல ஒரு கதவு வந்துச்சு. இந்த மூணு வருசத்துல பதினேழு ஆணி அடிச்சிருக்கேன், பாதியில ஒண்ணும் தொங்கலை.

ஆக, முப்பதாம் தேதிக்குள்ள இந்த வீடு பத்திரமான வீடுன்னு பியூலாவுக்குக் காட்டணும். பயமான்னு கேட்டா, கிடையாது. பிணவறைக்குப் பக்கத்து வார்டுல நைட் டூட்டி பார்த்தவ நான். பின்கதவுக்கு முட்டுக் கொடுத்து அம்மிக்கல்லை உருட்டி வச்சிருக்கிறது சும்மா ஒரு முன்னெச்சரிக்கை.

நவம்பர் 4, செவ்வாய்

காலனிப் பூங்காவுல போலீஸ்காரங்க கூட்டம் போட்டாங்க. எங்க தெருவுல இருந்து போனது நான் ஒருத்திதான். மத்தவங்களுக்கெல்லாம் சீரியல்.

பேசினது ஒரு பெண் எஸ்.ஐ. சின்ன வயசு, நல்ல பிள்ளை, தொண்டைதான் கட்டியிருந்துச்சு. பூட்டு, கிரில், வெளி விளக்கு எல்லாம் சொல்லிட்டு, தனியா இருக்கிற அம்மாமாருக்கு ஒரு யோசனை சொன்னா. வாசல்ல ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு கிடக்கட்டும், கொடியில ஒரு லுங்கி தொங்கட்டும், வீட்ல ஆள் இருக்குன்னு நினைச்சு திருடன் போயிருவான்னா. மத்த அம்மாமார் சிரிச்சாங்க. நான் குறிச்சுக்கிட்டேன். கூட்டம் முடிஞ்சதும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளின்னு சொல்லிட்டு வந்தேன்.

நவம்பர் 5, புதன்

செருப்பு வாங்கினேன். என் வீட்டுக்காரருக்கு எட்டாம் நம்பர். அவர் போய் இருபத்திரண்டு வருசமாச்சு, எனக்கு அந்த நம்பர் மறக்கலை. ஆனா இப்ப ஒன்பது வாங்கினேன். பார்க்கிறவனுக்கு ஆள் கொஞ்சம் வாட்டசாட்டமாத் தெரியட்டும்.

நவம்பர் 6, வியாழன்

செருப்பைக் காணோம்.

நவம்பர் 7, வெள்ளி

திருட்டுக்குக் காவலா வச்சதையே ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான். சிரிக்கவா அழவான்னு தெரியலை, சிரிச்சுட்டேன். தப்பு என்னோடதுதான். புத்தம் புதுசா, பளபளன்னு வச்சா யார்தான் விடுவாங்க.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செருப்புத் தைக்கிற மாடசாமிகிட்ட போனேன். தைக்கக் கொடுத்துட்டு மாசக்கணக்கா வராத ஆட்களோட செருப்பு ஒரு கூடை நிறைய அவன்கிட்ட கிடக்குது. கிளறிப் பார்த்து ஒரு ஒன்பதாம் நம்பர் எடுத்தேன். பழுப்பு நிறம், குதிகால் ஒரு பக்கமாத் தேய்ஞ்சது. இதுக்கு உரியவர் வலது காலை இழுத்து நடக்கிறவர், மூட்டுத் தேய்மானமா இருக்கும். மாடசாமி, யாருக்கு சிஸ்டர்னு கேட்டான். ரிட்டயர் ஆனப்புறமும் ஊர்ல எனக்கு சிஸ்டர்னுதான் பேர், தங்கபாய்னு யாரும் கூப்பிடுறதில்லை. வீட்டுக்குத்தான்னு சொன்னேன். அவன் வேற ஒண்ணும் கேட்காம, பாலிஷ் போட்டுக் கொடுத்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

லுங்கியும் ஆச்சு. நீலக் கட்டம். புதுசுன்னு தெரியக் கூடாதுன்னு மூணு தடவை அலசினேன். யாரும் கட்டாத லுங்கியைத் துவைக்கிற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன். கொடியில போட்டேன், மழை. எடுத்தேன், வெயில். மறுபடி போட்டேன், மழை. நான் ஓடி ஓடி எடுத்துப் போடுறதைக் கோமு அவ வீட்டு வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. அவ துணியும் நனையுதுன்னு சொன்னேன். அது நனையட்டும் சிஸ்டர்னுட்டா.

நவம்பர் 11, செவ்வாய்

இன்னிக்கு ஒரு சிக்கல். கடைக்குப் போகணும்னா வீட்டைப் பூட்டணும். பூட்டிட்டுப் போனா உள்ளே ஆள் இல்லைன்னு ஊருக்கே தெரியும். அதுக்கும் வழி கண்டுபிடிச்சேன். முன்கதவை இழுத்துச் சாத்தினா அது தானாப் பூட்டிக்கும், வெளியே பூட்டுத் தொங்காது. சாத்தும்போது கொஞ்சம் சத்தமா, "என்னங்க, நான் கடைக்குப் போயிட்டு வாரேன், தாழ்ப்பாளைப் போட்டுக்கோங்க"ன்னு சொன்னேன்.

இந்த 'என்னங்க'வைச் சொல்லி இருபத்திரண்டு வருசமாச்சு. வாயில தடங்கல் இல்லாம வந்துருச்சு. திரும்பி வந்தப்பவும் "என்னங்க, வந்துட்டேன்"ன்னு சொன்னேன். திரும்பி வர்றப்ப சொல்ல அவசியமில்லைதான். பழக்கம் வரட்டுமேன்னு சொன்னேன்.

நவம்பர் 13, வியாழன்

திருட்டுப் பயத்துல தெருவே ஒத்துமையாயிருச்சு. நல்லதுதான்.

காலையில கோமு தேங்காய்ப்பால் ஊத்தின சொதி கொண்டு வந்தா. அதுவும் ரெண்டு ஆள் சாப்பிடுற அளவுக்கு. பத்து நிமிசம் பேசினா, கண்ணு மட்டும் என் தோளுக்குப் பின்னாடி உள்ரூமையே பார்த்துச்சு. பதினோரு மணிக்கு அடுத்த வீட்டு ஆவுடையப்பன் சார் வந்தார். ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், பேப்பர் வந்துச்சான்னு கேட்டார். அவர் வீட்டுக்கும் அதே பேப்பர்தான் வருது. போகும்போது, தெருவுல பேச்சுத் துணைக்கு ஆம்பளைகளே இல்லை சிஸ்டர், யாராவது வந்தா நல்லா இருக்கும்னு சொல்லிட்டுப் போனார். பாவம், அவருக்கும் போரடிக்குது போல. சாயங்காலம் கோமு மறுபடி வந்தா, சொதி காரமா இருந்துச்சான்னு கேட்டுக்கிட்டு. நீங்க ரெண்டு பேரும் காரம் கம்மியாத்தான் சாப்பிடுவீயளோன்னா. நானும் பியூலாவும்னு நினைச்சு, ஆமான்னேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கோயில்ல ஆராதனை முடிஞ்சதும், எங்க பாதிரியார் ஐயரோட சம்சாரம் ஐயரம்மா என் கையைப் பிடிச்சுத் தனியாக் கூட்டிட்டுப் போனாங்க. வயசான காலத்துல ஒரு துணை வேணும்தான் தங்கபாய், தப்பே இல்லை, ஆனா எதுன்னாலும் ஐயர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி முறையாச் செஞ்சுக்கோன்னாங்க. மக வீட்டுக்குப் போறதுக்கு ஐயர்கிட்ட என்ன சொல்லணும்னு எனக்கு விளங்கலை. இன்னும் முடிவு பண்ணலை அம்மான்னேன். அவங்க என் கன்னத்தைத் தட்டிச் சிரிச்சாங்க.

நவம்பர் 18, செவ்வாய்

கடவுளே.

பியூலா போன் போட்டா. வழக்கமா வேகமாப் பேசுவா, இன்னிக்கு நோயாளிகிட்ட பேசுற மாதிரி மெதுவாப் பேசினா. சாப்பிட்டியா, மழையா, முட்டுவலி எப்படி இருக்குன்னெல்லாம் விசாரிச்சா. அப்புறம் கேட்டா: "அம்மா, அவர் பேர் என்னம்மா?"

எவர் பேருன்னேன். அதுக்குமேல எல்லாம் கொட்டுச்சு. கோமு சொல்லிட்டாளாம். செருப்பு, லுங்கி, 'என்னங்க', சொதி, எல்லாம். உனக்கு வெட்கமா இருந்தா இப்பச் சொல்ல வேண்டாம்மா, நான் கோபப்படலை, ரூபனும் ஒண்ணும் நினைக்கலைன்னா. எனக்குக் காது ரெண்டும் கொதிச்சுப் போச்சு. ஆவுடையப்பன் சார், ஐயரம்மா, ஏன், பால்காரன் ஒரு வாரமா அரை லிட்டர் கூட வேணுமான்னு கேட்டது வரைக்கும் எல்லாம் ஒண்ணொண்ணா விளங்குது.

அதெல்லாம் இல்லைடீன்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவ, நீ தனியா இல்லைன்னா நான் ஏன்மா உன்னை இங்க இழுக்கப் போறேன், வீட்டை வாடகைக்கு விடுறதெல்லாம் வேண்டாம், நீ அங்கேயே இருன்னு சொல்லிட்டா.

நான் பொய் சொல்லலை. போன்ல சார்ஜ் இல்லைன்னு வச்சுட்டேன். சார்ஜ் எண்பது இருந்துச்சு. அது வேற.

நவம்பர் 20, வியாழன்

ரெண்டு நாளா யோசனை. உண்மையைச் சொன்னா பெட்டியைக் கட்டணும். சொல்லலைன்னா வீடு நிலைக்கும், ஆனா இல்லாத ஒரு ஆம்பளையோட இந்தத் தெருவுல குடித்தனம் நடத்தணும். அறுபத்தொரு வயசுல இது தேவையா எனக்கு.

பார்த்தா அந்த ஆள்கிட்ட குறை ஒண்ணும் இல்லை. சத்தம் கிடையாது, சாப்பாட்டுல நொட்டை சொல்றதில்லை. முப்பதாம் தேதி பியூலா வர்றப்ப அவர் சொந்த ஊருக்குப் போயிருக்கார்னு சொல்லிப் பார்க்கலாமான்னுகூட நினைச்சேன். அப்புறம் குளிச்சுட்டு ஜெபம் பண்ணினேன். வர்ற ஞாயித்துக்கிழமை அவளுக்கு உண்மையைச் சொல்லிருவேன்.

இன்னிக்கு ரெண்டு பேருக்குச் சோறு வடிச்சிருக்கேன். கை தவறிருச்சு.

நவம்பர் 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

எட்டேகாலுக்குக் கோயிலுக்குக் கிளம்பினேன். வழக்கம்போல "என்னங்க" சொல்லிட்டுத்தான் போனேன். பிரசங்கம் நீண்டுருச்சு. பதினோரு மணிக்குத் திரும்பி வந்தா, என் வீட்டு வராந்தாவுல கூட்டம். ஆவுடையப்பன் சார் இருக்காரு, கோமு இருக்கா, அவ வீட்டுக்காரர் பைக்கை என் கேட்டை மறிச்சு நிறுத்திட்டு அதுமேல சாஞ்சு நிக்காரு. நடுவுல என் பிரம்பு நாற்காலியில ஒரு ஆள். ஐம்பது வயசிருக்கும். மடியில ஒரு துணிப்பை, ஒரு கையில காபி டம்ளர். முன்னாடி ஸ்டூல்ல இட்லி தின்ன தட்டு. அவருக்கு வேர்த்து ஊத்துது.

என்னைப் பார்த்ததும் கோமு முகம் முழுக்கச் சிரிப்பு. எப்படி ரெண்டு வாரமா இவ்வளவு நல்ல மனுசரை எங்க கண்ணுல காட்டாம வச்சிருந்தீயன்னு கேட்டா.

நடந்தது இதுதான். ஒன்பது மணிவாக்குல இந்த ஆள் என் முன்கதவைத் திறந்து வெளியே வந்திருக்கார். ரெண்டு வாரமா இதுக்காகவே காத்துக்கிட்டிருந்த கோமு, "அண்ணாச்சி"ன்னு ஒரு குரல் கொடுத்திருக்கா. அவர் நின்னுட்டார். சிஸ்டர் வர்ற வரைக்கும் உக்காருங்க, இட்லி கொண்டு வாரேன்னு சொல்லிட்டு, அப்படியே ஆவுடையப்பன் சாருக்கும் சத்தம் கொடுத்திருக்கா. அவர் கேட்டைத் தாண்டுறதுக்குள்ள சார் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாரு. சார் கையைப் பிடிச்சா விட மாட்டார், அது காலனிக்கே தெரியும். எந்த ஊருன்னு கேட்டிருக்கார். இவர் ஏரல்னு சொல்லியிருக்கார். சார் ஏரல் ஸ்கூல்ல ஆறு வருசம் இருந்தவர். எந்தத் தெரு, யாரு வீடு, அப்பா பேர் என்ன, பெரிய வெள்ளத்துல உங்க தெருவுல எவ்வளவு தண்ணி வந்துச்சுன்னு ஆரம்பிச்சுட்டார். ரெண்டு மணி நேரமா அந்த ஆள் ஏரலைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கார். மூணு தடவை எந்திரிச்சிருக்கார், மூணு தடவையும் உக்கார வச்சு இட்லி போட்டிருக்காங்க. பதினோரு இட்லின்னு கோமு கணக்குச் சொன்னா.

நான் சும்மா ஒரு தலையை ஆட்டினா போதும். எல்லாரும் பார்த்துட்டாங்க, பேசிட்டாங்க, பிடிச்சும் போச்சு. இன்னும் பத்து நிமிசத்துல கோயம்புத்தூருக்குச் செய்தி போயிரும். அந்த ஆளும் என்னைப் பார்த்தார், அவர் பார்வையும் அதையேதான் கெஞ்சுச்சு.

அப்ப அந்தப் பையோட வாய்ல என் வெள்ளிக் குத்துவிளக்கு எட்டிப் பார்க்கிறது தெரிஞ்சுது. பெஸ்ட் நர்ஸுன்னு மெடலோட சேர்த்து ஆஸ்பத்திரியில கொடுத்தது.

"இவர் யாருன்னு எனக்குத் தெரியாது"ன்னேன்.

ஆவுடையப்பன் சார் தலையைக் குனிஞ்சு சிரிச்சார். கோமு, சிஸ்டருக்கு வெட்கத்தைப் பாருன்னா. ஒருத்தரும் நம்பலை. அந்த ஆள் சட்டுன்னு எந்திரிச்சு, சரி தங்கம், நான் சாயங்காலம் வாரேன்னு என்கிட்டயே சொல்றார். தங்கமாம். சுவத்துல மாட்டியிருந்த சர்டிபிகேட்ல என் பேரைப் படிச்சிருக்கார்.

வார்டுல பேசுற குரல் எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலை. "உக்காரு. பையைத் தரையில வை. கையை முட்டிமேல வை"ன்னேன். அவன் உக்காந்தான். கோமு வீட்டுக்காரரும் தரையில உக்காந்துட்டார், அது வேற. பையைக் கவுத்தேன். குத்துவிளக்கு, மெடல், என் ரெண்டு வளையல், பியூலா வாங்கிக் கொடுத்த மிக்ஸி ஜார் மட்டும். மிக்ஸியை விட்டுட்டு ஜாரை ஏன் எடுத்தான்னு இந்த நேரம் வரைக்கும் புரியலை.

போலீஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு. அப்புறம் எல்லாருக்கும் நடுவுல நின்னு சொன்னேன். ஆள் கிடையாது, செருப்பு மாடசாமி கூடையில எடுத்தது, லுங்கியை யாரும் கட்டலை, நான் தனியாத்தான் இருக்கேன். திருடன் பிடிபட்டப்பகூட கோமு முகம் அப்படி வாடலை. சொதியை யாரு தின்னான்னு மட்டும் கேட்டா. நானேதான் ரெண்டு நாள் தின்னேன்னேன்.

நவம்பர் 24, திங்கள்

எஸ்.ஐ. பிள்ளை வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனா. தொண்டை சரியாயிருச்சு. திருடன் பின்கதவை அம்மிக்கல்லோட தள்ளித் திறந்துதான் உள்ளே வந்தானாம். அதுக்கு முன்னாடி பத்து நாளா வீட்டை நோட்டம் பார்த்தானாம். அந்தச் செருப்பு ஒரு நாள்கூட இடம் மாறலையாம், மழையில நனைஞ்சும் யாரும் ஓரமா எடுத்து வைக்கலையாம். அதனால வீட்ல ஆம்பளை இல்லைன்னு ரெண்டாம் நாளே அவனுக்குத் தெரிஞ்சு போச்சாம். மூணு வருசமா என்கூட இருக்கிற தெருவுக்குத்தான் தெரியலை.

பியூலாவுக்கு நானே போன் போட்டுச் சொல்லிட்டேன். எல்லாத்தையும். கேட்டு முடிச்சுட்டு, முப்பதாம் தேதி வாரோம், பெட்டியைக் கட்டி வைன்னா. ஆகட்டும்மான்னேன்.

நவம்பர் 27, வியாழன்

பெட்டி கட்டினேன். ஆணியைப் பிடுங்கலை.

நவம்பர் 30, ஞாயிறு

காலையிலயே வந்துட்டாங்க. பியூலா வந்ததும் என்னைக் கட்டிப் பிடிச்சா, அப்புறம் கோமு வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கதை கேட்டுச் சிரிச்சுட்டு வந்தா. பதினோரு இட்லி, ஏரல், தங்கம், எல்லாம் கேட்டிருக்கா. வந்து சோபாவுல சாஞ்சு மறுபடி சிரிச்சா. சிரிக்கச் சிரிக்கக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்புறம் அது சிரிப்பாவே இல்லை.

"ஆறு நாள் நான் எவ்வளவு சந்தோசமா இருந்தேன் தெரியுமாம்மா"ன்னா. "எங்கம்மாவுக்கு ஒரு துணை கிடைச்சிருச்சுன்னு ஆபீஸ்ல கூட ஒருத்திகிட்ட சொல்லிட்டேன்."

அவ தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்த ஆறு நாள்ல எனக்கும் ஒண்ணும் மோசமா இல்லைன்னு அவகிட்ட சொல்லலை.

மத்தியானம் சாப்பிட்டதும் ரூபன் என் பெட்டியைத் தூக்கினார். வாசப்படி வரைக்கும் போயிட்டார். அப்பத்தான் சொன்னேன்.

"மாப்பிள்ளை, அதைக் கீழே வைங்க. நான் வரலை."

பியூலா திரும்பிப் பார்த்தா.

"இது என் வீடும்மா. எனக்கு இங்க இருக்கணும். கிறிஸ்மஸுக்கு வாரேன், நாலு நாள் இருந்துட்டுத் திரும்பி வருவேன்."

"இதை நீ ஒரு தடவைகூடச் சொல்லலையேம்மா. கேட்டப்பெல்லாம் ஆகட்டும் ஆகட்டும்னுதானே சொன்ன?"

வாஸ்தவம்தான். விசிட்டிங் நேரம் முடிஞ்சா பெரிய டாக்டரோட சொந்தக்காரங்களையே வெளியே அனுப்பினவ நான். பெத்த பிள்ளைகிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஒரு ஆம்பளை தேவைப்பட்டிருக்கான். அப்படி ஒருத்தன் இல்லைன்னு செருப்பும் லுங்கியும் வாங்கி நானே செஞ்சிருக்கேன். அதை நினைச்சா எனக்கே என்மேல கோபம் வருது.

"எனக்குப் பயமா இருக்கும்மா"ன்னா அவ.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு"ன்னேன். "நான் பயந்துக்கிட்டே இங்க இருந்துக்கிடுதேன்."

அவ ரூபன் கையில இருந்த பெட்டியை வாங்கி உள்ரூம்ல கொண்டு வச்சுட்டு வந்தா. பின்கதவுக்குப் புதுசா இரும்புத் தாழ்ப்பாள் போடணும், செலவு அவளுதுன்னா. அதுக்கு மட்டும் ஆகட்டும்மான்னேன்.

நாலு மணிக்குக் கிளம்பினாங்க. கார் கண்ணாடியை இறக்கி, கதவைப் பூட்டிட்டு போன் பண்ணுன்னா. உள்ளே போய்ப் பூட்டினேன், போன் போட்டேன், பூட்டிட்டேன்னேன். சரிம்மான்னா. ரெண்டு பேரும் வைக்கலை. பேச்சும் இல்லை. அவ கார் ஓடுற சத்தம் எனக்குக் கேட்டுது, இங்க மழை பிடிச்சது அவளுக்குக் கேட்டிருக்கும். கயத்தாறு தாண்டினப்புறம் சிக்னல் போயிருச்சு. எந்திரிச்சுப் போய் ஒரு ஆளுக்கு அரிசி களைஞ்சு போட்டேன். நல்ல பசி.